நாவடைத்த நாட்களிலும் நாயன் அருகில்: இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வாழ்வில் ஒரு பருவம்

 



மஹல்லாக்களில் இமாமத் பணியாற்றுவோரிடம் மக்கள் கேட்கும் கேள்விகள் பலவகைப்படும். ஜகாத்தின் கணக்கையும் பாகப்பிரிவினையின் சட்டத்தையும் எல்லோர் முன்னிலையிலும் கேட்பார்கள். ஒரு கேள்வியை மட்டும், தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, தூணோரமாய் நின்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். "தொழுகிறோம், ஓதுகிறோம், தர்மமும் செய்கிறோம். ஆனால் உள்ளம் வறண்டு கிடக்கிறது. செய்வதெல்லாம் ஊராரின் மெச்சுதலுக்காகத்தானோ என்ற எண்ணம் அரிக்கிறது. அல்லாஹ் நம்மைக் கைவிட்டு விட்டானோ?" என்பதே அக்கேள்வி.

இவ்வாறு கேட்பவர்கள் பெரும்பாலும் மார்க்கப் பற்றற்றவர்கள் அல்லர், பேணுதலுள்ளவர்களே. அவர்களுக்குப் பதிலாக நாம் ஒரு வரலாற்றை எடுத்து வைக்க விரும்புகிறோம். இக்கேள்வியால் உண்ணவும் உரையாடவும் இயலாமற்போன ஒருவரின் வரலாறு அது. அவர் எளிய மனிதரல்லர். 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' என்று உம்மத் போற்றும் இமாம் அபூ ஹாமித் முஹம்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்தாம்.

தூஸிலிருந்து பக்தாத் வரை

இமாமவர்கள் குராசான் நாட்டின் தூஸ் நகரில் ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என்றும், கல்விமான்களின் சபையில் அமர்ந்து அழுது, தமக்கும் அத்தகைய மகனைத் தருமாறு துஆ செய்தவர் என்றும் வரலாற்றாசிரியர் தாஜுத்தீன் சுப்கீ (ரஹ்) எழுதுகிறார்கள். இறக்கும் தறுவாயில் அவர் அபூ ஹாமித், அஹ்மது என்னும் தம் இரு மக்களையும் ஸூஃபி நண்பரொருவரிடம் ஒப்படைத்தார். விட்டுச் சென்ற சிறு தொகை தீர்ந்ததும், மத்ரஸாவில் சேர்ந்தால் உணவுக்கேனும் வழி பிறக்கும் என்று அந்நண்பர் இருவரையும் அங்கே அனுப்பி வைத்தார். பிற்காலத்தில் இமாமவர்கள் இதை நினைவுகூர்ந்து, தாங்கள் அல்லாஹ் அல்லாத ஒன்றுக்காகவே கல்வியைத் தேடிப் புறப்பட்டதாகவும், கல்விதான் அல்லாஹ்வுக்காக அன்றி வேறெதற்காகவும் இருக்க மறுத்துவிட்டதாகவும் கூறுவார்களாம். இவ்வார்த்தையின் ஆழம் இக்கட்டுரையின் முடிவில் நமக்கு விளங்கும்.

தூஸிலும் ஜுர்ஜானிலும் பயின்ற பின் அவர்கள் நைஸாபூர் சென்று, இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் மாணவரானார்கள். ஆசிரியர் ஹிஜ்ரி 478இல் (1085) மறைந்ததும், ஸல்ஜூக்கியப் பேரரசின் வஜீர் நிஜாமுல் முல்க்கின் அவையை அடைந்தார்கள். அங்கு நடந்த விவாதங்களில் அவர்களுக்கு நிகராக எவரும் நிற்க இயலவில்லை. வஜீர் அவர்களை ஹிஜ்ரி 484இல் (1091) பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவின் தலைமை ஆசிரியராக நியமித்தார். 1067இல் திறக்கப்பட்ட அக்கல்விக்கூடம் அன்றைய முஸ்லிம் உலகின் மிக உயர்ந்த கல்விப் பீடங்களுள் ஒன்று. அதில் அமர்ந்தபோது இமாமவர்களுக்கு வயது முப்பத்து மூன்றுதான். முந்நூறு மாணவர்களுக்குத் தாம் பாடம் நடத்தியதாக அவர்களே குறிப்பிடுகிறார்கள். ஓய்வு நேரத்தில் கிரேக்க தத்துவத்தை ஆசிரியர் துணையின்றித் தாமே கற்று, அதன் பிழைகளை எடுத்துக் காட்டும் 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' என்னும் நூலை ஹிஜ்ரி 488 முஹர்ரமில் (1095 ஜனவரி) முடித்தார்கள்.

தத்துவவாதிகளின் வாயை அடைத்தவர் என்று உலகம் புகழ்ந்த அதே ஆண்டின் ரஜப் மாதத்தில், இமாமவர்களின் வாயே அடைத்துப் போயிற்று.

அறிவில் வந்த முதல் சோதனை

தம் உள்ளத்தில் நிகழ்ந்ததை இமாமவர்கள் 'அல்முன்கிது மினள்ளலால்' என்னும் நூலில் தாமே எழுதி வைத்துள்ளார்கள். தம் கண்ணியத்தைக் காத்துக்கொள்ள எதையும் மறைக்காமல் எழுதியிருப்பதே அந்நூலின் தனிச்சிறப்பு.

அதில் இரண்டு சோதனைகள் பேசப்படுகின்றன. முதலாவது, அறிவைப் பற்றிய ஐயம். நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் காட்டுகிறது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. விண்மீன் ஒரு பொற்காசளவில் தெரிகிறது. கணிதமோ அது பூமியைவிடப் பெரிது என்கிறது. கண் பொய்யுரைப்பதைப் பகுத்தறிவு காட்டிக் கொடுத்ததென்றால், பகுத்தறிவின் பொய்யைக் காட்டிக் கொடுக்க அதற்கு மேலும் ஒன்று இருக்கக் கூடாதா? கனவில் உண்மையெனத் தோன்றியது விழித்ததும் பொய்யாவது போல, இவ்விழிப்பும் ஒரு கனவாய் இருக்கக் கூடாதா? இவ்வாறு எதிலும் கால் ஊன்ற முடியாமல் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தவித்ததாக இமாமவர்கள் எழுதுகிறார்கள்.

அந்நோய் எந்த ஆதாரத்தாலும் தீரவில்லை. ஆதாரங்களையே நம்ப முடியாதவருக்கு எந்த ஆதாரத்தைக் காட்டுவது? அல்லாஹ் தம் நெஞ்சில் போட்ட ஒளியொன்றினால்தான் தாம் குணமடைந்ததாக அவர்கள் சொல்கிறார்கள். விவாதக் கலையில் வெல்ல முடியாதவர் என்று பெயரெடுத்த ஒருவர், தம்மைக் காப்பாற்றியது தம் விவாதத் திறன் அன்று என்று எழுதி வைத்தது நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தியாகும்.

நிய்யத்தில் வந்த இரண்டாம் சோதனை

முதல் சோதனை அறிவைத் தொட்டது. இரண்டாவது, அதைவிடக் கடினமானது. அது நிய்யத்தைத் தொட்டது.

ஸூஃபியாக்களின் நூல்களைப் படித்து வந்த இமாமவர்கள், அவ்வழி வாயால் பேசுவதன்று, வாழ்ந்து சுவைப்பது என்று உணர்ந்தார்கள். உடனே பார்வை தம்மீதே திரும்பியது. அல்லாஹ்வின் மீதும், தூதுத்துவத்தின் மீதும், மறுமை நாளின் மீதும் கொண்ட ஈமான் தம் உள்ளத்தில் வேரூன்றி இருப்பதைக் கண்டார்கள். ஆனால் தம் பணியின் நோக்கத்தைச் சோதித்தபோது நடுங்கினார்கள். தாம் கற்பிப்பது அல்லாஹ்வின் பொருத்தத்துக்காக அன்று. புகழும் பதவியுமே தம்மை இயக்குகின்றன என்று அவர்களுக்குப் பட்டது. இடிந்து சரியும் மணற்கரையின் விளிம்பில் நிற்பதாக உணர்ந்தார்கள்.

இங்கே நாம் ஒன்றைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். அந்த நாட்களில் இமாமவர்கள் அல்லாஹ்வைச் சந்தேகிக்கவில்லை. தம்மைத்தான் சந்தேகித்தார்கள். பள்ளியின் தூணோரம் வந்து நிற்பவரின் நிலையும் பெரும்பாலும் இதுவே. தம்மீது எழுந்த ஐயத்தை, தம் இறைவன் தம்மை விட்டு விலகியதற்கான அடையாளம் என்று அவர் பொருள் கொண்டு விடுகிறார்.

ரஜபில் தொடங்கி ஆறு மாதங்களுக்கு அண்மையாக அப்போராட்டம் நீடித்தது. பக்தாதை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று ஒருநாள் உறுதி கொள்வார்கள். மறுநாள் அதைக் கலைத்து விடுவார்கள். காலையில் மறுமையின் வேட்கை எழும். மாலையில் ஆசைகளின் படை அதை முறியடித்து விடும். 'இது கடந்து போகும் ஒரு மனநிலை. இந்தப் பதவியை விட்டால் பிறகு எளிதில் கிட்டாது' என்று ஷைத்தான் ஓதிக்கொண்டே இருந்தான். கடைசியில் தெரிந்தெடுக்கும் உரிமையே அவர்கள் கையை விட்டுப் போயிற்று. பாடம் கேட்க வந்த மாணவர்களின் மனம் கோணாதிருக்க ஒருநாள் முயன்று பார்த்தார்கள். நாவிலிருந்து ஒரு சொல்லும் பிறக்கவில்லை. அத்துயரம் உடலையும் பற்றியது. உணவு செரிக்கவில்லை, ஒரு கவளமும் ஒரு மிடறும் இறங்குவதே கடினமாயிற்று, வலிமை குன்றியது. மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள். இது உள்ளத்தில் இறங்கி அங்கிருந்து உடலுக்குப் பரவிய நோய். உள்ளத்தின் கவலை நீங்காமல் மருந்து வேலை செய்யாது என்று கைவிரித்தார்கள்.

தம் இயலாமையை முழுமையாக உணர்ந்து, வேறு போக்கிடமற்ற நிலையில் இமாமவர்கள் அல்லாஹ்விடம் ஒதுங்கினார்கள். நெருக்கடியில் சிக்கியவரின் அழைப்புக்குப் பதிலளிப்பவன் அல்லாஹ்வே என்னும் கருத்தைத் தரும் அந்நம்லு அத்தியாயத்தின் 62ஆம் வசனத்தை நினைவூட்டியே, தமக்கு விடை கிடைத்ததை அவர்கள் பதிவு செய்கிறார்கள். கிடைத்த விடை எது தெரியுமா? காட்சியோ கனவோ அன்று. பதவியையும் பொருளையும் விட்டு விலகுவது உள்ளத்துக்கு எளிதாயிற்று என்பதே.

அந்த ஆறு மாதங்களில் அல்லாஹ் எங்கே இருந்தான் என்று கேட்டால், நாவைக் கட்டியதிலேயே அவனுடைய கருணை இருந்தது என்று நாம் சொல்வோம். தம்மால் எடுக்க முடியாமல் தடுமாறிய முடிவை, ஒரு கதவை அடைப்பதன் மூலம் அவனே எடுத்துத் தந்தான்.

வரலாற்றாசிரியர்களின் ஐயம்

பிற்கால ஆய்வாளர் சிலர், இமாமவர்கள் பக்தாதை விட்டு வெளியேறியது அரசியல் அச்சத்தால்தான் என்று கருதியதுண்டு. காலச்சூழல் அதற்கு இடமளிக்கவே செய்கிறது. ஹிஜ்ரி 485 ரமளானில் (1092) நிஜாமுல் முல்க் கொல்லப்பட்டார். அப்பழி பாத்தினிய்யாக்கள் மீது விழுந்தது. அடுத்த மாதமே சுல்தான் மலிக்‌ஷாவும் இறந்தார். வாரிசுப் போர் மூண்டது. பாத்தினிய்யாக்களை மறுத்து இமாமவர்கள் நூல் எழுதியிருந்தார்கள். மக்காவுக்குப் போவதாக அறிவித்துவிட்டு உள்ளத்தில் ஷாம் நாட்டை எண்ணியிருந்ததையும், கலீஃபாவும் நண்பர்களும் தடுத்து விடுவார்களோ என்று அஞ்சியதையும் அவர்களே ஒளிக்காமல் எழுதுகிறார்கள். அரசாங்கத்தின் நெருக்குதலால்தான் போகிறார் என்று ஊரார் பேசிக்கொண்டதும் அந்நூலில் உள்ளது.

எனினும் அச்சமே முழுக் காரணம் என்றால், பிற்காலத்திலும் அவர்கள் பாத்தினிய்யாக்களை மறுத்துத் தொடர்ந்து எழுதியது ஏன்? அதே குடும்பத்து வஜீரின் அழைப்பை ஏற்று மீண்டும் பாடம் நடத்தச் சென்றது ஏன்? சூழலின் கொந்தளிப்பு உள்ளத்தின் கொந்தளிப்பைக் கூர்மையாக்கியிருக்கலாம். அல்லாஹ் ஓர் அடியாரைத் திருப்புவதற்குக் காலத்தின் நிகழ்வுகளையும் கருவியாக்குகிறான் என்பதில் வியப்பில்லை.

பதினோரு ஆண்டுகள்

ஹிஜ்ரி 488 துல்கஅதாவில் (1095 நவம்பர்) இமாமவர்கள் புறப்பட்டார்கள். தம் செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். ஆனால் குடும்பத்தின் தேவைக்கும் பிள்ளைகளின் உணவுக்கும் போதுமானதை ஒதுக்கி வைத்தார்கள். நிஜாமிய்யாவில் பாடம் நின்றுவிடாதிருக்கத் தம்பி அஹ்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பொறுப்பேற்றார்கள். அல்லாஹ்வை நாடிச் செல்வதற்காக மனைவி மக்களை நட்டாற்றில் விட வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சான்று.

டமாஸ்கஸ் உமையாப் பள்ளியின் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுப் பகல் முழுவதும் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸில் குப்பத்துஸ் ஸக்ராவினுள் நாள்தோறும் ஒதுங்கினார்கள். ஹெப்ரோனில் இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தருகே மூன்று உறுதிகள் செய்தார்கள்: அரசர்களின் வாசலுக்குச் செல்வதில்லை, அவர்களின் பொருளை ஏற்பதில்லை, வெற்றிக்காக வாதிடுவதில்லை. பின்னர் மக்காவும் மதீனாவும் சென்று ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். அவர்கள் வணங்கிச் சென்ற அந்த பைத்துல் முகத்தஸ் 1099 ஜூலையில் சிலுவைப் படையினர் வசமானது. அதற்குள் அவர்கள் கிழக்கே திரும்பியிருந்தார்கள். ஹிஜ்ரி 490இல் (1097) அந்தலூஸிலிருந்து வந்த இளம் அறிஞர் அபூபக்ர் இப்னுல் அரபீ (ரஹ்) இமாமவர்களை பக்தாதில் சந்தித்தார். அப்போது அவர்கள் தங்கியிருந்தது நிஜாமிய்யா மத்ரஸாவுக்கு எதிரிலிருந்த ஒரு தர்வேஷ் விடுதியில்! தாம் அமர்ந்திருந்த பீடத்தைப் பார்த்தவாறே அவர்கள் எளிய விருந்தினராய்த் தங்கியிருந்தார்கள்.

இக்காலத்தில் உருவானதுதான் நாற்பது பகுதிகள் கொண்ட 'இஹ்யா உலூமித்தீன்'. அதன் 28ஆம் பகுதி பதவி மோகத்தையும் முகஸ்துதியையும், 35ஆம் பகுதி தவக்குலையும், 37ஆம் பகுதி நிய்யத்தையும் இஃக்லாஸையும் பேசுகின்றன. பக்தாதில் தம்மை வீழ்த்திய நோய்களையே இமாமவர்கள் பின்வந்தோருக்கு மருந்தாக்கித் தந்தார்கள். தவக்குலின் படித்தரங்களுள் ஒன்றாக, தாயையன்றி வேறெவரையும் அறியாத பச்சிளங் குழந்தையின் நிலையை அவர்கள் சுட்டுகிறார்கள். தான் நல்ல குழந்தையா என்று ஆராய்ந்த பிறகா அது தாயை அழைக்கிறது? பசித்ததும் அழுகிறது, அவ்வளவுதான். அதே பகுதியில், காரணங்களை விட்டுவிடுவது தவக்குல் அன்று என்றும், உணவு முன்னிருக்கக் கைநீட்டாமல் இருப்பது அறியாமை என்றும் எச்சரிக்கிறார்கள்.

அந்தப் பதினோரு ஆண்டுகளும் தடையற்ற ஆனந்தத்தில் கழிந்தன என்று நாம் நினைத்துவிடலாகாது. பிள்ளைகளின் அழைப்பு அவர்களை ஊருக்கு இழுத்தது. குடும்பத்தின் தேவைகளும் காலத்தின் நிகழ்ச்சிகளும் தனிமையைக் கலைத்தன. உள்ளத்தின் தெளிந்த நிலை தமக்கு இடையிடையேதான் வாய்த்தது என்றும், ஆனாலும் நம்பிக்கையை விட்டுவிடாமல் தடைகளுக்குப் பின் மீண்டும் மீண்டும் அதனிடமே திரும்பியதாகவும் இமாமவர்களே எழுதுகிறார்கள்.

திரும்பி வந்த பின்னும்

ஹிஜ்ரி 499 துல்கஅதாவில் (1106), நிஜாமுல் முல்க்கின் மகனும் வஜீருமான ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால், நைஸாபூர் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். முன்பு பதவியைத் தேடித் தரும் கல்வியைக் கற்பித்ததாகவும், இப்போது பதவியைத் துறக்கச் செய்யும் கல்விக்கு அழைப்பதாகவும் சொன்னார்கள். அத்தோடு நிற்கவில்லை. தம்மையும் பிறரையும் சீர்திருத்தவே விரும்புவதாகவும், அந்நோக்கத்தை அடைவோமா, அடையாமலே வீழ்வோமா என்பது தமக்குத் தெரியாது என்றும் எழுதினார்கள். ஆனால் ஆற்றலும் அசைவும் அல்லாஹ்வைக் கொண்டே என்பதில் தமக்குக் கண்ணால் கண்டது போன்ற உறுதி உண்டு என்றார்கள்.

சகோதரர்களே! இவ்வரலாற்றின் மையம் இதுவே. பதினோரு ஆண்டுத் தவத்துக்குப் பின்னும் இமாமவர்களுக்குத் தம்மைப் பற்றிய உறுதி வாய்க்கவில்லை. அல்லாஹ்வைப் பற்றிய உறுதி வாய்த்தது. அந்த ஓர் உறுதியைக் கொண்டே அவர்கள் மீண்டும் பீடத்தில் அமர்ந்தார்கள்.

நாம் பெற வேண்டிய பாடம்

இத்தவிப்பு இமாமவர்களோடு தொடங்கியதும் அன்று. நபிகளாரின் எழுத்தர்களுள் ஒருவரான ஹன்ளலா (ரலி) அவர்கள், தாம் முனாஃபிக் ஆகிவிட்டதாக அஞ்சி அழுதார்கள். நபிகளாரின் சபையில் சுவர்க்கத்தையும் நரகத்தையும் கண்முன் காண்பது போலிருந்த உள்ளம், வீடு திரும்பி மனைவி மக்களோடு கலந்ததும் மாறிவிடுவதே அந்த அச்சத்துக்குக் காரணம். அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களோ, தமக்கும் அவ்வாறே நேர்கிறது என்றார்கள்! இருவரும் நபி (ஸல்) அவர்களிடம் சென்றபோது, எந்நேரமும் அதே நிலையில் மனிதர் இருப்பின் மலக்குகளே வந்து கைகுலுக்குவார்கள் என்றும், மனித உள்ளத்துக்கு ஒரு நேரம் அவ்வாறும் ஒரு நேரம் இவ்வாறும் அமையும் என்றும் ஆறுதல் கூறினார்கள். வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் உள்ளத்தில் எழுவதாகத் தோழர்கள் முறையிட்டபோது, அவ்வாறு அஞ்சுவதே தெளிவான ஈமான் என்றும் கூறினார்கள். இவ்விரு செய்திகளும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளன. வஹீ வருவது சிலகாலம் தாமதித்து, இறைவன் கைவிட்டு விட்டான் என்று எதிரிகள் ஏளனம் செய்தபோது அருளப்பட்டதே அள்ளுஹா அத்தியாயம் என்பதும் நாம் அறிந்ததே.

ஆகவே உள்ளம் வறண்ட காலத்தில் நாம் செய்ய வேண்டியவை எளியவை. ஃபர்ளான கடமைகளை, சுவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், விடாது பற்றிக்கொள்ள வேண்டும். இஃக்லாஸ் இல்லையோ என்ற அச்சத்தால் அமலையே விட்டுவிடுவது ஷைத்தானுக்கு வெற்றியைத் தட்டில் வைத்துக் கொடுப்பதாகும். உறக்கமும் உணவும் கெடுமளவுக்குத் துயரம் முற்றினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இமாமவர்களையும் மருத்துவர்கள் பார்த்தார்கள், அதை எழுதி வைக்க அவர்கள் வெட்கப்படவில்லை. மனநோய்க்கு மருத்துவம் பார்ப்பது ஈமானின் குறை என்று பேசுவோர், துன்பத்தில் இருப்பவரை மேலும் தனிமைப்படுத்துகின்றனர். குடும்பத்தாரும் ஜமாஅத்தாரும் அத்தகையவரைப் பழித்துரைக்காமல் அணைத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் தளர்ந்தபோது பாடத்தை ஏற்று நடத்திய தம்பி அஹ்மதைப் போல, அவருடைய பாரத்தில் ஒரு பகுதியைச் சுமக்க வேண்டும். இவை யாவற்றுக்கும் மேலாக, தகுதி வந்த பிறகு கேட்போம் என்று காத்திராமல், குழந்தை தாயை அழைப்பது போல அவனை அழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அழைக்கத் தோன்றுவதே அவன் கைவிடவில்லை என்பதற்கு அடையாளம்.

இமாமவர்கள் ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் பிறை 14, திங்கட்கிழமை (1111 டிசம்பர்) தூஸில் மறைந்தார்கள். அன்று ஸுப்ஹு வேளையில் ஒளூச் செய்து தொழுது, கஃபன் துணியைக் கேட்டு வாங்கி முத்தமிட்டு, கிப்லாவை முன்னோக்கிப் படுத்ததாகத் தம்பி அஹ்மது அறிவிக்கிறார்கள். மறைவுக்குச் சற்று முன்னர் தோழரொருவர் உபதேசம் கேட்டபோது, இஃக்லாஸைப் பற்றிக்கொள்ளுமாறு கூறி, அதையே திரும்பத் திரும்பச் சொல்லியவாறு உயிர் நீத்தார்கள் என்று இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) பதிவு செய்கிறார்கள். உணவுக்காக மத்ரஸா வாசலில் நின்ற சிறுவருக்கு, தமக்கு இல்லையே என்று பக்தாதில் ஏங்கி நோயுற்ற அறிஞருக்கு, அச்சொல்லையே கடைசி மூச்சாக அல்லாஹ் அருளினான்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்கள் தளரும் நாட்களில் உன் வாசலை விட்டு எங்களை விலக்கிவிடாதே! எங்கள் நிய்யத்துகளைத் தூய்மையாக்குவாயாக! துயரத்தில் தவிக்கும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு ஆறுதலையும் ஆரோக்கியத்தையும் அருள்வாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.